மதுரை புது மண்டபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு வரும் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் புது மண்டபத்தைப் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். சிற்பம் பார்க்க வருபவர்களுக்கு அது பல தலைமுறை ஓடிய சந்தை என்பது தெரிவதில்லை. சந்தையாகவே பழகிய மதுரைக்காரர்களில் பலர் அந்தத் தூண்களை நிமிர்ந்து பார்த்ததில்லை. இரண்டு வரலாற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று நினைத்து, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

புது மண்டபம் எங்கே இருக்கு? மீனாட்சி கோயிலுக்குள்ளேயா, வெளியேயா?

வெளியே. சுவாமி சந்நிதிக்கு நேரான கிழக்குக் கோபுரத்திலிருந்து வெளியே வந்து கீழச் சித்திரை வீதியைத் தாண்டினால் எதிரே நிற்பது புது மண்டபம். கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். அதன் மேற்கு முனை கோயிலைப் பார்க்கிறது. கிழக்கு முகப்பு ஏழுகடல் தெருப் பக்கம் திறக்கிறது.

மதிலுக்கு வெளியே இருந்தாலும் இது கோயிலுக்குச் சொந்தமான மண்டபம்தான். சுந்தரேசுவரர் சந்நிதி, கிழக்குக் கோபுரம், புது மண்டபம், அதற்கும் கிழக்கே முடிக்கப்படாமல் நிற்கும் ராய கோபுரம் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வரும். இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும்.

நானூறு வருஷப் பழசு, இதுக்குப் போய் 'புது' மண்டபம்னு பேரா?

கட்டியபோது புதிதாக இருந்தது, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எதிரே இருக்கும் கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தது. அதன் முன்னால் நானூறு ஆண்டு கழித்து எழும்பிய மண்டபத்தை ஊர்க்காரர்கள் புதிது என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை. கட்டிய நோக்கத்தை வைத்து வசந்த மண்டபம் என்றும் அதற்குப் பெயர் உண்டு.

யார் கட்டினது? எந்த வருஷம்?

திருமலை நாயக்கர். அவருடைய ஆட்சி 1623 முதல் 1659 வரை. மண்டபம் அந்த ஆட்சியின் முதல் பாதியில் எழுந்தது. 1630களை ஒட்டிய வேலை என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய மகாலும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் இதே ஆட்சிக் காலத்தவைதான்.

திருச்சியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றியவர் அவர். நோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தபோது மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் வந்து மதுரைக்கு வரச் சொன்னதாகவும், நோய் தீர்ந்த நன்றியில் கோயில் பணிகளைத் தொடங்கியதாகவும் ஊரில் சொல்வார்கள். ஆட்சிக் கணக்கும் அதில் உண்டு. தலைநகரை மாற்றிய அரசன் அந்த ஊரின் தெய்வத்தோடு தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குத் திருவிழாவையும் திருவிழாவுக்கான கட்டடத்தையும்விடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

சந்தைக்காகத்தான் கட்டினாங்களா?

இல்லை. வசந்த உற்சவத்துக்காகக் கட்டினார்கள். வைகாசி மாதக் கடும் வெயிலில் சுவாமியும் அம்மனும் மாலையில் இங்கே எழுந்தருளி, இளைப்பாறி, இரவில் திரும்புவார்கள். அதற்கென்றே மண்டபத்தைச் சுற்றித் தாழ்வாக ஒரு நீர் ஓடை அமைத்திருக்கிறார்கள். விழா நாட்களில் அதில் தண்ணீர் நிரப்புவது வழக்கம். நான்கு பக்கமும் தண்ணீர், மேலே கனமான கல் கூரை, பக்கவாட்டில் காற்று நுழையும் திறப்புகள் எல்லாம் சேர்ந்து, மதுரை வைகாசியில் உள்ளே குளுமை தங்கும்.

இந்த விழாதான் மண்டபத்தின் மூலக் காரணம். கடைகள் நிறைந்திருந்த காலத்திலும் வசந்த உற்சவம் இங்கேதான் நடந்தது. 'சந்தைக் கட்டடத்தில் எதற்குச் சாமி?' என்று கேட்பவர்கள் முன்பின்னாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சாமி வருவதற்காகக் கட்டிய இடத்தில்தான் சந்தை வந்து சேர்ந்தது.

எவ்வளவு பெரிசு? எத்தனை தூண்?

நீளம் 333 அடி, அகலம் 105 அடி. தூண்கள் 124 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நான்கு வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் மூன்று நடைகள் ஓடுகின்றன. நடுவில் உள்ளது அகலமானது. மேற்கு முனையில் கருங்கல்லில் தனியாக ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. உற்சவத்தின்போது சுவாமியும் அம்மனும் எழுந்தருளும் இடம் அது. மற்றக் கல்லின் நிறத்திலிருந்து அதன் கறுப்பும் மெருகும் சட்டென்று பிரிந்து தெரியும்.

நீங்களே எண்ணினால் வேறு எண் வரலாம், கவலை வேண்டாம். இங்கே ஒரு தூண் என்பது ஒரே உருளை அல்ல. ஒரே கல்லிலிருந்து தூணையும், அதை ஒட்டிய சிறு தூண்களையும், ஆளுயரத்துக்கு மேற்பட்ட சிலையையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். கூரையில் வளைவு கிடையாது. தூண், அதன்மேல் போதிகை என்ற தாங்குகல், அதன்மேல் உத்தரம், அதன்மேல் கற்பலகை என்ற பழைய முறைதான். இவ்வளவு அகலமான நடையைக் கற்பலகையால் மூடுவதற்குப் போதிகைகளை இருபுறமும் நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் அந்த வேலையின் துணிச்சல் தெரியும்.

உள்ளே முக்கியமா எந்தச் சிலைகளைப் பார்க்கணும்?

என்னைக் கேட்டால், மதுரையின் சொந்தக் கதைகளைச் சொல்லும் சிலைகளிலிருந்து தொடங்குங்கள். திருவிளையாடல் கதைகள் நடந்த ஊர் இது. அந்தக் கதைகளை இவ்வளவு நெருக்கமாகக் கல்லில் பார்ப்பது தனி அனுபவம். கல் யானைக்குக் கரும்பு கொடுத்த காட்சி இருக்கிறது. சித்தராக வந்த சிவன், அபிஷேக பாண்டியன் சவால் விட்டபோது, கோயிலில் இருந்த கல் யானையைக் கரும்பு தின்ன வைத்த கதை அது. கல்லில் செதுக்கிய யானை உயிர்பெறும் கதையை மறுபடியும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறான் சிற்பி. அவனுக்கு அது எவ்வளவு பிடித்த வேலையாக இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

அடுத்து, பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுத்த காட்சி. வேட்டையில் தாயை இழந்த பன்னிரண்டு குட்டிகளுக்குச் சிவனே தாய்ப்பன்றியாக வந்து பாலூட்டினார், பிறகு அவை பாண்டியனின் மந்திரிகள் ஆயின என்பது கதை. பன்றி முகமும் மனித உடலுமாக, குட்டிகளை அணைத்தபடி நிற்கும் அந்தச் சிலையில் இருக்கும் கனிவு வேறு எங்கும் நான் பார்க்காதது. தடாதகைப் பிராட்டியாக மூன்று மார்புடன் நிற்கும் மீனாட்சி, திருக்கல்யாணம், கைலாயத்தைத் தூக்கும் ராவணன், யானையை உரித்த கஜசம்ஹாரர், ஏகபாத மூர்த்தி என்று இன்னும் நிறைய இருக்கின்றன.

கிழக்கு முகப்பில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும் அவற்றின்மேல் வீரர்களும் யாளிகளும் நிற்கின்றன. நாயக்கர் காலச் சிற்பத்தின் முத்திரை இது. தெருவில் நின்றபடியே பார்க்கலாம்.

மீனாட்சி திருக்கல்யாணச் சிலை கோயிலுக்குள்ளேயும் இருக்கே, எது பழசு?

இரண்டும் வேறு வேறு. படங்களில் அதிகம் வருவது சுவாமி சந்நிதி முன்னால் உள்ள கம்பத்தடி மண்டபத்துச் சிலை. அது 19ஆம் நூற்றாண்டில் நகரத்தார் திருப்பணியில் உருவானது. புது மண்டபத்தில் இருப்பது 17ஆம் நூற்றாண்டு வேலை. பின்னால் வந்த சிற்பிகள் புது மண்டபத்தைப் பார்த்துப் பழகியவர்கள் என்பது இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் தெளிவாகும்.

நடுவில் கைகூப்பி நிற்கும் ஆட்கள் யார்? சாமி மாதிரி தெரியலையே?

சாமி இல்லை, மதுரையை ஆண்ட நாயக்கர்கள். நடு நடையில் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துச் சிலைகள். முதல் நாயக்கரான விசுவநாதரில் தொடங்கித் திருமலையில் முடிகிறது. கூடவே ராணிகளும் இருக்கிறார்கள். அரச பரம்பரை முழுவதும் வரிசையாக நின்று, உற்சவத்துக்கு வரும் தெய்வத்தைக் கும்பிடுவதாக அமைப்பு. வம்சத்தை இப்படி ஆளுயரச் சிலைகளாக ஒரே இடத்தில் நிறுத்தியது தமிழ்நாட்டுக் கோயில்களில் அபூர்வம்.

திருமலை நாயக்கரை அடையாளம் காண்பது எளிது. பருத்த உடல், தொந்தி, நகைகள், அகலக் கச்சை. அழகுபடுத்தி இளைக்க வைக்காமல் ஆளை ஆளாகவே செதுக்கியிருக்கிறார்கள். அரசனே பணம் கொடுத்துச் செய்வித்த சிலையில் அந்த நேர்மை இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ராணி சிலையின் தொடையில் ஒரு சேதம் இருக்கே, அந்தக் கதை உண்மையா?

ஒரு கதை அல்ல, இரண்டு இருக்கின்றன. மதுரையில் அதிகம் சொல்லப்படுவது நீலகண்ட தீட்சிதர் கதை. ராணியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் சில்லு தெறித்தது. மறுபடி செதுக்கியும் அதே இடத்தில் தெறித்தது. மந்திரியாக இருந்த தீட்சிதர், 'ராணிக்கு அங்கே மச்சம் இருக்கும், அப்படியே விடுங்கள்' என்றார். இவருக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகப்பட்ட மன்னர் அவர் கண்ணைப் பறிக்க ஆள் அனுப்பினார். பூஜையில் இருந்த தீட்சிதர் விஷயத்தை உணர்ந்து கற்பூர ஆரத்தியால் தானே கண்களைச் சுட்டுக்கொண்டார். மன்னர் வருந்தினார், தீட்சிதர் மீனாட்சியைப் பாடிப் பார்வை பெற்றார் என்று முடியும்.

இன்னொன்று பழைய ஆங்கிலேயப் பயணக் குறிப்புகளில் வருவது. தஞ்சாவூர் அரச குடும்பத்துப் பெண்ணான ராணி இந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு, தன் அப்பா வீட்டுப் பெருமைக்கு இது ஈடாகாது என்று சொன்னாளாம். கோபத்தில் திருமலை கத்தியை வீசினாராம். அந்தக் காயமே சிலையிலும் காட்டப்பட்டதாம்.

நீலகண்ட தீட்சிதர் உண்மையில் வாழ்ந்த பெரும் கவிஞர், 17ஆம் நூற்றாண்டுக்காரர். ஆனால் சில்லு தெறித்த கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே சேதத்துக்கு முற்றிலும் வேறான இரண்டு விளக்கங்கள் ஓடுவதிலிருந்தே, சேதம் முதலில் வந்தது, கதைகள் பின்னால் வந்தன என்று தெரிகிறது.

சிற்பி யாருன்னு தெரியுமா?

சுமந்திரமூர்த்தி ஆச்சாரி என்ற பெயர் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வேலையில் மூழ்கியிருந்த அவர் பின்னால் நிற்பது யாரென்று பார்க்காமலே வெற்றிலைக்குக் கை நீட்ட, மன்னரே வெற்றிலை மடித்துக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. இதே மாதிரிக் கதை வேறு ஊர்ப் பெரிய சிற்பிகளைப் பற்றியும் சொல்லப்படுவதுதான். இவ்வளவு பெரிய வேலை ஒருவர் கையால் ஆனதல்ல. அவர் தலைமையில் ஒரு பெரிய சிற்பிக் கூட்டம் பல ஆண்டு உழைத்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெயராவது மக்கள் நினைவில் தங்கியிருப்பது நல்ல விஷயம்.

இதுக்கு எவ்வளவு செலவாச்சு?

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய எழுத்துகளில் பத்து லட்சம் பவுன் வரை என்று ஒரு தொகை சொல்லப்பட்டு வந்தது. அது பார்த்தவர்களின் மலைப்பைக் காட்டும் மதிப்பீடே தவிரக் கணக்குப் புத்தகத்து எண் அல்ல. அதை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

'சவுல்ட்ரி' என்று பழைய வெள்ளைக்காரர் படங்களில் இருப்பது இதுதானா?

இதேதான். சத்திரத்துக்கு அவர்கள் பயன்படுத்திய சொல் அது. தூண் மண்டபம் எதைப் பார்த்தாலும் அப்படியே எழுதிவிடுவார்கள். 'திருமலை நாயக்கர் சவுல்ட்ரி' என்று தலைப்பிட்ட படம் எங்கே பார்த்தாலும் அது புது மண்டபம்தான். ஆனால் வழிப்போக்கர் தங்கும் சத்திரமாக இது கட்டப்படவில்லை. நோக்கம் என்ன என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆடம் பிளாக்கடர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இங்கே தூண்களை விரிவாக வரைய ஏற்பாடு செய்து, அதைப் பற்றி லண்டனுக்கு எழுதினார். 1792இல் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் தென்னாட்டுப் பயணத்தில் மதுரைக்கு வந்து வரைந்தார்கள். 1858இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் லினேயஸ் டிரைப் மதுரைக்கு வந்து கோயிலையும் மகாலையும் இந்த மண்டபத்தையும் படமெடுத்தார். மண்டபத்தின் உட்புறம் அன்று எப்படி இருந்தது என்று காட்டும் படங்கள் அவை. அந்தக் காலத்து அரைகுறை வெளிச்சத்துப் படமெடுப்பில் இந்த நீள நடையைப் பிடித்தது பெரிய சாதனை.

அமெரிக்காவில் பிலடெல்பியா மியூசியத்தில் இருக்கிற தூண்கள் இங்கிருந்து போனதா?

இந்த வதந்தி அடிக்கடி காதில் விழுகிறது. மதுரையிலிருந்து போனவை என்பது சரி, புது மண்டபத்திலிருந்து போனவை அல்ல. அவை மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்தவை, புது மண்டபத்துக்கும் முந்திய 16ஆம் நூற்றாண்டு வேலை. அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1912இல் மதுரைக்கு வந்தபோது இந்தச் சிற்பக் கற்களை வாங்கிக் கப்பலில் அனுப்பினார். அவர் இறந்த பிறகு 1919இல் குடும்பத்தார் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இன்று அங்கே முழு மண்டபமாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

புது மண்டபத்துத் தூண்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. விழாவும் வியாபாரமுமாக எப்போதும் ஆள் புழங்கிய இடத்தில் ஒரு தூணைக் கழற்றிக்கொண்டு போவது எளிதல்ல என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, சாமிக்குக் கட்டின இடத்தில் கடைகள் எப்படி வந்தன?

உற்சவம் வருஷத்தில் சில நாட்கள்தான். மற்ற நாளெல்லாம் கோயில் வாசலில் நிழலோடு ஒரு பெரிய கல் மண்டபம் சும்மா இருக்கிறது. கோயிலுக்கு வரும் கூட்டம் அந்தப் பக்கம்தான் நடக்கிறது. பூஜைச் சாமான், துணி, பாத்திரம் விற்பவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? மதுரையில் கோயிலைச் சுற்றிய வீதிகள் எல்லாமே வியாபார வீதிகளாக வளர்ந்தவை. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று திருவிழா மாதங்களின் பெயரைத் தாங்கிய தெருக்களில் தேர் ஓடுவதும் கடை நடப்பதும் எப்போதும் கூடவே இருந்தன. புது மண்டபம் அந்த வழக்கத்தின் ஒரு பகுதி.

கடைக்காரர்கள் கோயிலுக்கு வாடகை கட்டி வந்தார்கள். ஆக்கிரமித்து உட்கார்ந்தவர்கள் என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. கடைசியில் முந்நூறை ஒட்டிக் கடைகள் இருந்தன. மூன்று நான்கு தலைமுறையாக ஒரே தூணடியில் கடை நடத்திய குடும்பங்கள் உண்டு. 'குதிரைத் தூண் பக்கம்', 'ராவணன் பக்கம்' என்று சிலையை வைத்துக் கடைக்கு வழி சொல்லும் பழக்கமும் அங்கே இருந்தது.

அங்கே அப்படி என்னதான் கிடைச்சுது?

முதலில் தையல். நுழைந்ததும் தையல் மிஷின்களின் சத்தம்தான் காதில் விழும். அம்மன் பாவாடை, கோயில் குடை, தேர்ச் சீலை, தேரில் தொங்கும் தொம்பை, வாசலுக்குக் கட்டும் வாசமாலை என்று திருவிழாவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தார்கள். தென் மாவட்டங்களில் ஏதாவது ஒரு கிராமத்தில் கொடை, அதாவது ஊர்க்கோயில் திருவிழா என்றால், 'மதுரை போய்ப் புது மண்டபத்தில் சொல்லிட்டு வந்துடு' என்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் அழகர் வேடத்துக்கும் கருப்பசாமி வேடத்துக்குமான சல்லடம், கச்சை, குல்லா, தண்ணீர் பீய்ச்சும் தோல் பை எல்லாம் இங்கே குவியும். பள்ளிக்கூட நாடகத்துக்குப் பாரதியார் தலைப்பாகையும் கட்டபொம்மன் உடையும்கூட இங்கேதான்.

அடுத்து புத்தகம். பஞ்சாங்கம், தோத்திரப் பாடல்கள், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், பள்ளி நோட்ஸ், கல்லூரிப் பாடப் புத்தகம். ஜூன் மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் அலைவதைப் பார்க்கலாம். அப்புறம் பித்தளை விளக்கு, எவர்சில்வர் பாத்திரம், அரிவாள்மனை, பல்லாங்குழி, தாயக்கட்டை, மரச்சொப்பு, வளையல், சவுரி, பரதநாட்டிய நகை. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரே நடையில் பாதிச் சாமான் வாங்கிவிடலாம்.

எந்தப் பொருளும் இங்கே மட்டும்தான் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சடங்குக்கு என்ன வேண்டும், எந்த அளவில் வேண்டும், எந்த ஊர் வழக்கத்துக்கு என்ன நிறம் என்று வாங்க வந்தவருக்கே சொல்லித்தரும் கடைக்காரர்கள் இருந்தார்கள். அந்த அறிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சாமி உடைகளை முஸ்லிம் தையற்காரர்கள் தைச்சாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். புது மண்டபத்துத் தையற்காரர்களில் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தார்கள், தலைமுறைத் தொழிலாக. அழகர் உடையும் அம்மன் பாவாடையும் தேர்ச் சீலையும் அவர்கள் கையில் தயாராகிக் கோயில்களுக்குப் போயின. கொடுப்பவரும் வாங்குபவரும் இதை ஒரு விசேஷமாகப் பேசிக்கொண்டதில்லை. எந்தச் சாமிக்கு எந்த நிறக் கரை என்பது அந்தத் தையற்காரருக்கு மனப்பாடமாகத் தெரியும், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் கேட்கும்போதுதான் மதுரைக்காரர்களுக்கு இது சொல்லவேண்டிய செய்தி என்று தோன்றுகிறது.

கடைகளால் சிலைகளுக்குக் கெடுதல் வந்ததா, இல்லையா?

வந்தது. அதை மறைக்கக் கூடாது. தூணோடு தூணாக மரப் பலகையும் அலமாரியும் அடைத்தார்கள். சிலைகளின்மேல் துணி மூட்டை தொங்கியது. மின்கம்பிகள் சிற்பங்களின் குறுக்கே ஓடின. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து முகங்கள் மங்கின. முன்னால் சொன்ன நாயக்கர் சிலைகளில் பலவற்றை முழுதாகப் பார்க்கவே முடியாத நிலை இருந்தது. ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் கடைக்காரரிடம் கேட்டு, மூட்டையை நகர்த்தி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதற்குப் பழியைக் கடைக்காரர் தலையில் மட்டும் போடுவதை நான் ஏற்கமாட்டேன். வாடகை வாங்கிய காலமெல்லாம் எதில் ஆணி அடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று வரைமுறை வகுத்துக் காப்பாற்றியிருக்கலாம். அதைச் செய்ய யாரும் முனையவில்லை.

2018 தீ விபத்து புது மண்டபத்திலா நடந்தது?

இல்லை, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு தீப்பிடித்தது கோயிலின் உள்ளே, கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில். அங்கே இருந்த கடைகள் எரிந்தன. வெப்பத்தில் கல் தூண்கள் வெடித்து, கூரையின் ஒரு பகுதி விழுந்தது. கருங்கல்லுக்குத் தீ ஒன்றும் செய்யாது என்று நினைத்தவர்களுக்கு அன்று தெரிந்தது. சூடேறிய கருங்கல் பாளம் பாளமாக உரிந்துவிடும்.

அதற்குப் பிறகு கோயிலுக்குள் கடைகளே கூடாது என்று நீதிமன்றம்வரை பேச்சு போனது. தெருவுக்கு எதிர்ப்புறம், துணியும் காகிதமும் நிறைந்து கிடந்த புது மண்டபத்தின் மேல் எல்லார் பார்வையும் திரும்பியது. கடைகளை மாற்றும் பேச்சு முன்பே இருந்ததுதான். தீ விபத்து அதைத் தள்ளிப்போட முடியாததாக்கிவிட்டது.

கடைக்காரர்கள் இப்ப எங்கே?

பக்கத்திலேயே மாநகராட்சி கட்டிய குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகத்தில் அவர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டது. 2021–22இல் இடமாற்றம் நடந்தது. சிலர் அங்கே போனார்கள், சிலர் சுற்றுத் தெருக்களில் தனியாகக் கடை பிடித்தார்கள். பொருள் வாங்க வருபவர்கள் இன்னமும் 'புது மண்டபத்துக் கடை' என்றே விசாரிக்கிறார்கள். அப்படிக் கேட்டால் அந்தப் பகுதியில் யாரும் வழி காட்டுவார்கள்.

மாடிக் கட்டடத்துக்குப் போனதில் வியாபார முறையே மாறிவிட்டது. மண்டபத்தில் சும்மா நடந்து போகிறவர்கூடக் கண்ணில் பட்டதை வாங்குவார். படியேறிப் போகவேண்டிய கடைக்கு வேலையாக வருபவர் மட்டும்தான் வருவார். தையற்காரருக்கு வாடிக்கைக் கோயில்கள் இருக்கின்றன, எங்கே போனாலும் தேடி வருவார்கள். வளையல், சொப்பு விற்றவர்களுக்குத்தான் இழப்பு அதிகம்.

கடைகளை எடுத்தது சரின்னு நினைக்கிறீங்களா?

சரி என்றே நினைக்கிறேன். மேலே சொன்ன சேதமும் தீ அபாயமும் சேர்ந்து வேறு வழி விடவில்லை. மூட்டைக்குப் பின்னால் இருந்த முகங்கள் வெளியே வந்ததும் மண்டபத்தின் நீளத்தை முதல்முறையாகப் பார்த்த மதுரைக்காரர்கள் ஏராளம்.

ஆனால் சுத்தம் செய்யும் வேகத்தில் சந்தையின் வரலாற்றையும் துடைத்துவிடக் கூடாது. மண்டபத்தைப் பற்றி எழுதும் பலர் திருமலை நாயக்கரில் தொடங்கி, கடைகளை ஒரு வரியில் 'ஆக்கிரமிப்பு' என்று முடித்துவிடுகிறார்கள். இந்தக் கூரையின் கீழ் தென் தமிழ்நாட்டுத் திருவிழாக்களுக்கெல்லாம் உடை தைத்தார்கள், கிராமத்து வாசகர்களுக்குக் கதைப் புத்தகம் விற்றார்கள். அதுவும் மண்டபத்தின் வாழ்வுதான். உள்ளே ஒரு மூலையில் அந்தத் தையற்காரர்களின் பழைய மிஷினும் ஒரு அழகர் உடையும் நாலு படங்களும் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கேட்கவேண்டிய இடங்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிழக்கே பாதியில் நிற்கிற கோபுரம் என்ன? இதோட சேர்ந்ததா?

ராய கோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்டது. முதல் பதிலில் சொன்ன நேர்க்கோட்டில் கடைசியாக வருவது இதுதான். ஒரே கல்லாலான அதன் நிலைத் தூண்களை அண்ணாந்து பாருங்கள். அந்த அடித்தளத்துக்கு ஏற்ற உயரத்தில் எழும்பியிருந்தால் இருக்கும் கோபுரங்களையெல்லாம் மிஞ்சியிருக்கும். இதன் அடியிலும் கடைகள் நெருக்கமாக ஒட்டி நிற்பதால் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

பக்கத்தில் ஏழுகடல் என்ற தெப்பம் இருந்தது. கடலில் நீராட ஆசைப்பட்ட மீனாட்சியின் தாய் காஞ்சனமாலைக்காகச் சிவன் ஏழு கடலையும் வரவழைத்த இடம் என்பது திருவிளையாடல் கதை. அந்தக் குளம் இப்போது இல்லை. அதன்மேல் கடை வளாகம் நிற்கிறது. தெருவின் பெயர் மட்டும் மிச்சம்.

ஒரு மணி நேரம்தான் இருக்கு. எதை எப்படிப் பார்க்கட்டும்?

காலையில் வாருங்கள். ஏழுகடல் தெருவில் ராய கோபுரத்து நிலைத் தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எதிரே குதிரைகளும் யாளிகளும் நிற்கும். காலை வெயில் நேராக அந்த முகப்பில் விழுவதால் செதுக்கலின் ஆழம் நன்றாகத் தெரியும். உள்ளே விடுவது திருப்பணி வேலையைப் பொறுத்து மாறும், அதனால் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால் நடு நடையில் நாயக்கர்களைப் பார்த்தபடி மேற்கே போய்க் கருங்கல் மண்டபத்தில் முடியுங்கள். பன்றிக்குட்டிச் சிலையைத் தேடிப் பாருங்கள். திருவிழாவோடு பார்க்க வேண்டும் என்றால் வைகாசியில், வசந்த உற்சவ நாட்களின் மாலையில் வரவேண்டும்.